சாயங்காலக் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அவ்வளவு நேரம் பேசிய பிறகு இப்போது கடிதம் எதற்கு என்று, கவரைப் பிரிக்கும் முன்பே பதறியிருப்பாய். பதறாதே. மூன்று பேரும் இருக்கிறோம், நடமாடிக்கொண்டிருக்கிறோம். நம் வீடு உனக்குத் தெரியாததா? இந்த மூலையில் தும்மினால் அந்த மூலையில் கேட்கும். போனில் நான் எதைப் பேசினாலும் உன் அண்ணன் காதிலும் விழும், குழந்தை காதிலும் விழும். அதனால்தான் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பையை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கீழே மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் உன்னை விசாரித்தார். குழாய் பழையபடி ஒழுகுகிறது. எனக்கு பிஸ்கட் கம்பெனியில் இன்னும் பேக்கிங் பிரிவுதான், மதியம் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிற ஷிப்ட். நின்றுகொண்டே வேலை என்பதால் கால் வீங்குகிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

விஷயம் நம் வாயாடியைப் பற்றியது. நீ அவளைத் தொட்டிலில் பார்த்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போனவன். இப்போது முதல் வகுப்பு. எங்களுக்குப் பிள்ளையே இல்லை என்று ஊர் முடிவு கட்டிய பிறகு வந்து பிறந்தவள் அல்லவா, அந்த அத்தனை வருஷத்துப் பேச்சையும் சேர்த்து வைத்துப் பேசுகிறாள். போனில் உன் தலையைத் தின்பது உனக்கே தெரியும். ஆனால் கொஞ்ச நாளாக அவள் வாய் ஓய்ந்திருக்கிறது. நகத்தைக் கடிக்கிறாள். நான் பல் விழுகிற வயசு, அந்தச் சிணுங்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவளுடைய மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வாசிக்கிறாளாம், எழுதுகிறாளாம், பாட்டெல்லாம் பாடுகிறாளாம். கூட்டலும் கழித்தலும்தான் வரவில்லையாம். வருஷ ஆரம்பத்தில் எல்லாருக்கும் முன்னால் கை தூக்கியவள், இப்போது ஐந்தும் இரண்டும் எத்தனை என்றால் முகத்தைப் பார்க்கிறாளாம். வீட்டுப்பாடம் முழுக்கத் தப்பு. இப்படியே போனால் அடுத்த வருஷமும் இதே வகுப்பில் உட்கார வைப்பதுதான் நல்லது என்று சொன்னார். வீட்டில் யார் சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்டார். அவளுடைய அப்பா என்றேன். சும்மா சொல்லவில்லை, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் தையல் கடையில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர், ஆளைத் தூரத்தில் பார்த்தே தோள் அளவும் மார்பு அளவும் சொல்லிவிடுவார், கணக்கெல்லாம் விரல் நுனியில் என்றேன். மிஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்படியானால் குழந்தைக்குத்தான் ஏதோ பிரச்சினை, ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது. உன் அண்ணன் ஒரு நாள் கூடத் தவறுவதில்லை. கடையில் கட்டிங் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். வந்து கைகால் கழுவி, டீ போட்டுக் குடித்து, அவளை எதிரில் உட்கார வைத்து, பட்டன் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி எண்ணச் சொல்கிறார். இதற்கு மேல் எந்த அப்பா செய்வார்? உனக்குக் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தவர், அவளை ஒரு அதட்டல் கூட அதட்டுவதில்லை. நான்தான் அதட்டினேன். அவர் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்தும் ஏறவில்லையா, கவனம் எங்கே மேய்கிறது என்று கேட்டேன். பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நிற்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ படித்தவன், பெரிய பெரிய இயந்திரங்களோடு வேலை செய்கிறவன். இதற்கு ஏதாவது வழி தெரிந்தால் எழுது. அவரிடம் மிஸ் சொன்னதை நான் முழுக்கச் சொல்லவில்லை. அவரும் இப்போதெல்லாம் களைத்துத் தெரிகிறார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே டேப் எங்கே என்று வீடு முழுக்கத் தேடுகிறார். அன்றைக்குப் போனில் அங்கே மழையா என்று உன்னிடம் மூன்று தடவை கேட்டார், நீயும் அண்ணனுக்கு வயசாயிடுச்சு என்று சிரித்தாய். நாங்களும் சிரித்தோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அன்பு அண்ணி

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கம்பெனி விலாசத்துக்குப் பத்திரமாக வந்தது. தனியாக டியூஷன் வைக்கச் சொல்லியிருந்தாய், உன் அக்கறைக்கு நன்றி. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தால் டியூஷனால் ஆகிற காரியம் இல்லை என்று உனக்கே தெரியும். எப்படி எழுதுவது என்று இரண்டு மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பேக்கிங் இயந்திரம் ஒன்று மக்கர் பண்ணியதால் ஒரு நாள் எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுப் படியேறி வரும்போது கதவு திறந்தே இருந்தது. அப்பாவும் மகளும் மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பட்டன்கள். பார்க்கவே நன்றாக இருந்ததால் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

உன் அண்ணன் எட்டுப் பட்டனை வரிசையாக வைத்தார். அதில் மூன்றை எடுத்து ஓரமாகத் தள்ளினார். இப்ப மிச்சம் எத்தனை, வா சேர்ந்து எண்ணுவோம் என்று விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். ஒரு பட்டனைத் தொட்டு எண்ணிவிட்டு, அதையே மறுபடியும் தொட்டு எண்ணினார். ஆறு என்றார். நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன், குழந்தை கண்டுபிடிக்கிறாளா என்று சோதிக்கிறார் என்று. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஆமாம்ப்பா, ஆறு என்றாள். ஆறு என்று எழுதினாள். அவர் சபாஷ் என்று அவள் தலையைத் தடவினார்.

தம்பி, நான் நின்ற இடத்திலிருந்து மேஜைக்கு அடியில் தெரிந்தது. அவளுடைய இடது கை மடியில் இருந்தது. ஐந்து விரலையும் விரித்து வைத்திருந்தாள். மேலே வலது கை ஆறு என்று எழுதிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வருகிறவள் போல செருப்புச் சத்தம் கேட்கும்படி உள்ளே வந்தேன். ரொட்டி வாங்க வேண்டும் என்று அவளைக் கீழே அழைத்துக்கொண்டு போனேன். படிக்கட்டில் உட்கார வைத்து மெதுவாகக் கேட்டேன். முதலில் நகத்தைக் கடித்தாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னதை அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்: “ஒரு நாள் அஞ்சுப்பான்னு சொன்னேம்மா. அப்பா திரும்ப எண்ணினாரு. வேற வந்துச்சு. திரும்ப எண்ணினாரு, இன்னும் வேற வந்துச்சு. அப்புறம் பட்டனையெல்லாம் தள்ளிவிட்டுட்டு நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. அதான் அப்பா என்ன சொன்னாலும் சரின்னுடுவேன்.”

சரி, பள்ளிக்கூடத்தில் மிஸ் கேட்கும்போது சரியாகச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். அதற்கு அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இப்ப எனக்கே தெரியலைம்மா. நான் எண்ணினா ஒண்ணு வருது. ஆனா அப்பா பெரியவர்தானே. நான் எண்ணினதுதான் தப்போ என்னவோ.”

ஆறு வயசுக் குழந்தை தன் விரலைத் தானே நம்பாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளைத்தான் கவனம் எங்கே மேய்கிறது என்று கேட்டேன் நான்.

அதற்குப் பிறகு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். சரியா தப்பா என்று தெரியாமலே செய்தேன். காலையில் நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தலை வாரிக்கொண்டே, சட்டை மாட்டிக்கொண்டே, ஹேர்ப்பின்னை வைத்து, ஸ்பூனை வைத்து. சாயங்காலம் அவர் சொல்லிக்கொடுப்பதும் நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காலைக் கணக்கு பள்ளிக்கூடத்துக்கு, சாயங்காலக் கணக்கு அப்பாவுக்கு என்று அவளிடம் சொன்னேன். அவள் உடனே கேட்டாள், அப்போ எதும்மா நிஜம் என்று. பஸ் வந்துவிட்டது, போய் ஏறு என்றேன்.

அவரை எப்படி டாக்டரிடம் கூட்டிப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கண் பார்வைக் கோளாறாகக் கூட இருக்கலாம் என்று கண்ணாடிக் கடைக்காரர் சொல்கிறார். அப்படியே இருக்கட்டும் என்று எல்லாக் கடவுளையும் கும்பிடுகிறேன். நீ போன் பேசும்போது இதையெல்லாம் காட்டிக்கொள்ளாதே.

உன் அண்ணி

*

அன்புள்ள தம்பிக்கு,

கண்ணாடி மாற்றிப் பார்த்தோம். கோளாறு கண்ணில் இல்லை.

அதற்குள் தையல் கடை முதலாளி என்னை வரச் சொன்னார். நீ அவரைப் பார்த்திருப்பாய், உயரமாக, எப்போதும் காதில் பென்சில் சொருகியிருப்பார். மாஸ்டர் வெட்டுகிற துணியை துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்காருகிற அக்கா கொஞ்ச காலமாகவே மறுபடி அளந்து பார்த்துத்தான் தைக்க அனுப்புகிறாராம். மாஸ்டர் மனசு நோகக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையாம். எனக்கும் சொல்லவில்லை. இத்தனை பேர் தெரிந்து வைத்திருந்தது, கூடப் படுத்து எழுகிற எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சீருடை தைக்கிற பெரிய ஆர்டர் ஒன்று வந்ததாம். துணியை மடிப்பு மடிப்பாக விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, ஒரேயடியாக வெட்டுவார்களே, அப்படி வெட்டியிருக்கிறார் உன் அண்ணன். தையலுக்கென்று விடவேண்டிய துணியைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துவிட்டார். சட்டைக் கைக்கு வெட்டிய துண்டு அத்தனையும் குட்டை. அன்றைக்கு அந்த அக்கா லீவு. மிஷின்களெல்லாம் நின்றுபோய், எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்றார்களாம். உன் அண்ணன் ஒரு துண்டை எடுத்துத் தன் கையிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு சிரித்துக்கொண்டே, சின்னப் பிள்ளைங்களுக்குன்னுதானே சொன்னீங்க என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி வீட்டிலேயே ஓய்வாக இருக்கட்டும் என்றார். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் உன் அண்ணன் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். டாக்டரம்மா இளவயசு, பொறுமையானவர். இன்று என்ன கிழமை என்று கேட்டார். கடிகாரம் படம் போடச் சொன்னார். நூறிலிருந்து ஏழைக் கழிங்க என்றார். தொண்ணூற்று மூன்று என்று டக்கென்று சொன்னார் உன் அண்ணன், எனக்கு உயிர் வந்தது. அதிலிருந்து இன்னும் ஏழு என்றார் டாக்டரம்மா. எத்தனை கழிக்கணும் என்று கேட்டார் உன் அண்ணன். ஏழு. எதிலிருந்து என்று கேட்டார். பிறகு நூறு என்றார். என் பக்கம் சாய்ந்து, ரகசியம் போல, வாயாடியைக் கூட்டிட்டு வந்திருக்கலாம் என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். இது வயசான மறதி இல்லை தம்பி. மூளை சுருங்குகிற வியாதி. சிலருக்கு இந்த வயசிலேயே வருமாம். கணக்கில் ஆரம்பித்திருக்கிறது, பிறகு வழி, பிறகு பேர், பிறகு ஆள் என்று போகுமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குணமாகுமா என்று கேட்டேன். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்மா என்றார் டாக்டரம்மா. அந்தக் கொஞ்சத்தைத்தான் தினமும் காலையில் தண்ணீரோடு கொடுக்கிறேன்.

மிஸ்ஸிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார். பிறகு, ஒரு குழந்தை தலையில ரெண்டு கணக்கை வைக்காதீங்கம்மா, எனக்குப் புரியுது, ஆனா அந்தச் சாயங்காலப் பாடத்தை நிறுத்துங்க, இல்லேன்னா அவ எதையுமே நம்ப மாட்டா என்றார். நியாயம்தான். ஆனால் கடை போய்விட்டது, கத்தரிக்கோல் போய்விட்டது. அவரிடம் மிச்சம் இருந்தது அந்தச் சாயங்காலம் ஒன்றுதான். அதையும் நான் பிடுங்க வேண்டும்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம், குழந்தை கீழே விளையாடிக்கொண்டிருந்தபோது அவரிடம் சொன்னேன். இனிமேல் கணக்கை நானே பார்த்துக்கிறேன், நீங்க ஓய்வா இருங்க என்று. அதற்கு என்னவெல்லாமோ சமாதானம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் பட்டன்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னார்: “அவ மேஜைக்கு அடியில விரலை மடக்கறதை நான் பார்த்திருக்கேன். எனக்காகத்தான் தப்பா எழுதறான்னும் தெரியும்.” தெரிந்துமா பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். “சொன்னா அவ என்கூட வந்து உட்கார மாட்டாளே” என்றார். அவ்வளவுதான். டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஸ்கேன் முடிவை நான் வெளியிலிருந்து போனில் சொன்னதுமே, வேறு டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதியிருந்தாய். காட்டினேன். அவர்களும் இதையேதான் சொன்னார்கள். நீ விஷயம் தெரிந்து போனில் அழுதது அவருக்குப் புரியவில்லை, பையனுக்கு ஜலதோஷம், கஷாயம் ஏதாவது குடிக்கச் சொல்லு என்றார்.

உன் அண்ணி

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். ஒப்பந்தம் அடுத்த வருஷக் கடைசியில்தான் முடிகிறது, அதற்கு முன் விட மாட்டார்கள், முடிந்ததும் முதல் ஆளாக வந்து நிற்பேன் என்று எழுதியிருக்கிறாய். உன் நிலைமை எனக்குத் தெரியாதா? உன்னைக் குறை சொல்லி எழுதவில்லை. இங்கே நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. வாயாடி தேறிவிட்டாள். சுலபத்தில் நடக்கவில்லை. நான் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த முதல் சில நாள், எது கேட்டாலும் விடையைச் சொல்லாமல் என் முகத்தில் தேடினாள். நீ எண்ணினியா, எண்ணினா எத்தனை வந்தது, அதைச் சொல்லு என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணி முடித்த பிறகும் உடனே சரி என்று சொல்லாமல், நீயே இன்னொரு தடவை எண்ணிப் பார் என்பேன். இரண்டு தடவையும் ஒன்றே வந்தால் அது உன்னுடையது, யார் வந்து சொன்னாலும் மாற்றாதே என்றேன். அப்பா சொன்னாலுமா என்றாள். அப்பா சொன்னாலும் என்றேன். ஒரு பிள்ளையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? சொன்னேன்.

உன் அண்ணன் ஜன்னல் பக்கமே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் வந்து அவள் பக்கத்தில், அவள் உட்காருகிற பக்கத்திலேயே உட்கார்ந்தார். எனக்கும் சொல்லிக் குடுங்க என்றார். குழந்தைக்கு ஒரே சந்தோஷம். மிஸ் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, இங்க பாருங்கப்பா, இது நாலு, இது ரெண்டு, சேர்த்து வெச்சா எத்தனை என்று சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச நாள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் சமையல் கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆனால் அவளும் குழந்தைதானே. நேற்று சொல்லிக்கொடுத்தது இன்று அவருக்கு இருக்காது. இன்று சொன்னது கை கழுவிவிட்டு வருவதற்குள் இருக்காது. ஒரு நாள் நாலும் ரெண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ, திடீரென்று பட்டன்களைத் தட்டிவிட்டு, உங்களுக்கு எத்தனை தடவைப்பா சொல்றது, நீங்க கவனிக்கறதே இல்லை என்று கத்தினாள். அதுவரை யாரிடமும் கத்தாத பிள்ளை. அவர் பயந்துவிட்டார், தம்பி. உன் அண்ணன், ஒரு கடை முழுக்க ஆட்களை அதட்டி வேலை வாங்கிய மனுஷன், பிள்ளையின் குரலுக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு, இனிமே கவனிக்கிறேன் என்றார். உடனே அவள் ஓடிப்போய் அவர் வயிற்றில் முகத்தை வைத்து அழுதாள். அவர் என்னைப் பார்த்து, பாப்பா ஏன் அழுவுது என்று கேட்டார். அதோடு அந்தப் பாடமும் நின்றது. யாரும் நிறுத்தவில்லை, அவராகவே உட்காருவதை மறந்துபோனார்.

வருஷப் பரீட்சையில் கூட்டல், கழித்தல் எல்லாவற்றுக்கும் சரி போட்டிருக்கிறார் மிஸ். அடுத்த வகுப்புக்குப் போகிறாள். தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவரிடம்தான் முதலில் நீட்டினாள். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கெட்டிக்காரி, யார் உனக்கு இவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்தது என்று கேட்டார். எங்கப்பா என்றாள். உங்கப்பா நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கார் என்றார். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கண்ணாடிக் கடைக்காரர்தான் படிக்கட்டில் ஒரு கண் வைத்துக்கொள்கிறார். போன வாரம் கடையில் கூட்டம், கவனிக்கவில்லை. நான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தால் வீடு திறந்து கிடந்தது. இரண்டு பேருமாகத் தெருத்தெருவாகத் தேடினோம். கடைசியில் நீ படித்த ஆண்கள் பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெளியில் நின்றுகொண்டிருந்தார். கையில் குடை. பிள்ளைகளெல்லாம் போய், காவலாளி கேட்டையும் பூட்டிவிட்டார். அவர் சொன்னது, ஐயா பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டாருங்க, யாரைத் தேடறீங்கன்னா தம்பின்னு மட்டும் சொல்றாருங்க என்று.

வாங்க வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். தம்பி இன்னும் வரலை, கணக்கு வாத்தியார் நிறுத்தி வெச்சிருப்பார், தனியா வர பயப்படுவான் என்றார். நான் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். வாயாடிதான் முன்னால் போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பா அப்பவே வந்துட்டாருப்பா, வீட்டுல இருக்காரு என்றாள். உடனே அவர் குடையை மடக்கிக்கொண்டு அவள் கூட நடந்தார். வீட்டுக்கு வந்து, செருப்போடு உள்ளே போய், கூடத்தைப் பார்த்தார், சமையல் கட்டைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். நானும் குழந்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தம்பி, நீ போன மாதம் அனுப்பிய போட்டோவை அவரிடம் காட்டினேன். தாடி வைத்திருக்கிறாய். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, யார் இந்த சார், நல்ல துணி போட்டிருக்கார், ஆனா காலர் சரியா உட்காரலை என்றார்.

என்றைக்கு வந்தாலும் தாடியை மழித்துவிட்டு வா. எதையும் வாங்கிக்கொண்டு வராதே. வாசலில் நின்று கதவைத் தட்டினால் விருந்தாளி என்று நினைத்து எழுந்து நிற்பார், அதைப் பார்க்க உன்னால் முடியாது. கீழ்ப்படியிலிருந்தே அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டு ஏறி வா. உன் குரல் மட்டும் அவரிடம் இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன், போன் மணி அடித்தால் இப்போதும் அவர்தான் முதலில் திரும்பிப் பார்க்கிறார்.

உன் வேலை நல்லபடியாக நடக்கட்டும். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இரு. முடிந்தால் உன் முதலாளியிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார், தம்பி.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அண்ணி